இருபத்து மூன்றாவது லாக்

கடத்தூர்,
வியாழக்கிழமை காலை.

அன்புள்ள மாப்பிள்ளை அருள்குமார் அவர்களுக்கு மாமனார் வெங்கடாசலம் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் மணிமேகலையும் நலந்தானே? எங்கள் பாலிடெக்னிக்கில் நீங்கள் வைத்துக்கொடுத்த சர்வர் மட்டும் நலமில்லை.

ஒரே பெட்டிக்குள் நாலு கம்ப்யூட்டர் ஓடும் என்றீர்கள். ஒரே வூட்டில் நாலு குடித்தனம் என்று நானும் புரிந்துகொண்டேன். அதில் மதிப்பெண் இருக்கும் கம்ப்யூட்டர் திங்கட்கிழமை முதல் எழுந்திருக்கவில்லை. நாளை மாலைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் அகமதிப்பெண் போய்ச் சேராவிட்டால் ஒருவருக்கும் ஹால் டிக்கெட் வராது. தாலுகா ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் ஒரு தாளைக்கூடத் தொலைக்காதவன் என்றுதான் இந்த வயதில் எனக்கு வேலை கொடுத்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓசூர் சர்வீஸ் ஆபீஸில் பாரதி என்று ஒரு பெண். சர்வர் தன் பாட்டுக்கு எழுதிவைக்கும் குறிப்புக்கு லாக் என்று பேராம். அதை மொத்தமாகத் திரட்டி அனுப்பினால்தான் நோய் தெரியுமாம். திரட்டினேன், தொண்ணூறு சதவீதத்தில் நின்றது, மறுபடி திரட்டினேன், கரண்ட் போனது, மறுபடி திரட்டினேன், வாட்ச்மேன் மாயவன் எலுமிச்சம்பழம் கட்டினார், அப்போதும் தொண்ணூறுதான், ஒவ்வொரு தடவையும் சிவப்பில் ஓர் இங்கிலீஷ் வரி வருகிறது, படிக்க நேரமில்லை, நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். அரைகுறையாய் வந்த இருபத்திரண்டு லாக்குக்கும் நம்பர் போட்டு அதே பெட்டியில் நகல் இருக்கிறது. ஜூன் மாசத்திலிருந்து தினம் சாயங்காலம் மதிப்பெண் கம்ப்யூட்டரையே முழுசாக நகல் எடுத்து வைக்கிறேன். என் பக்கம் என்ன குறை சொல்லுங்க? "எதையும் அழிச்சிடாதீங்க மாமா"ன்னு நீங்கதானே சொன்னீங்க? பெட்டிதான் மட்டம். நீங்கள் வாங்கித் தந்தது.

இதை எழுதும்போது இருபத்து மூன்றாவது ஓடுகிறது. நாற்பது ஆனாலும் எடுத்தே தீருவேன்.

குறைவில்லாமல் இருவரும் நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெங்கடாசலம்

நகல்: 1. என் கோப்பு. 2. சர்வர்.

பி.கு.: இருபத்து மூன்றும் நின்றது. சிவப்பு வரியை பாரதிக்குப் போனில் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். அதற்கு அந்தப் பெண் சொன்னது:

"சார், டிஸ்க்குல இடமே இல்லீன்னுதாங்க அது சொல்லுது. உள்ள இருக்கறது பூராவும் உங்க நகலுங்க."

மதிப்பெண் கம்ப்யூட்டர் படுத்ததும் லாக் நின்றதும் அதனால்தானாம். அந்தப் பெண் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழித்தேன். பத்து நிமிஷத்தில் லாக் முழுசாக வந்தது. இனி அது வேண்டாம் என்றுவிட்டாள். கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தது. பெட்டி நல்ல பெட்டி மாப்பிள்ளை.

எழுதிய தாளை வீணாக்க மனம் வராமல் அனுப்புகிறேன். மேலே நகல் என்று எழுதியதை அடித்துவிட்டேன். என் ஆயுசில் நகல் இல்லாமல் அனுப்பும் முதல் கடிதம் இதுதான். மணிமேகலை கண்ணில் படுமுன் கிழித்துவிடவும்.