நீங்கள் காட்டிய வாளி எங்களுடையது

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் செய்தி அறையில் இருக்கும் எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்று தினமும் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். நாங்கள் நலமாக இல்லை. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். உங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை அழைத்தேன். யாரோ எடுத்து "ஹலோ" என்றதும் மூன்று முறையும் வைத்துவிட்டேன். எனக்குப் பேச வராது. எழுதினால் ஓரளவு வரும்.

நான் குடிநீர் ஆய்வகத்தில் ஒப்பந்த ஊழியர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள்; வேதியியல் பட்டம். அப்பா தையல்காரர். தெருவைப் பார்த்த முன்னறைதான் அவருடைய கடை. அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல். சிறிய கல்தான், நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தால் தானாக வெளியேறிவிடும் என்று மருத்துவர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. அம்மாவும் டம்ளரை எண்ணி எண்ணிக் குடித்துக்கொண்டுதான் இருந்தார், சென்ற திங்கட்கிழமை மாலை ஏழு மணி வரை.

அன்று மதியம் உங்கள் நிருபர் எங்கள் தெருவில் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தைப் படம் எடுக்க வந்தார். அப்பா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நான் ஆய்வகத்தில் இருந்தேன். மாலைச் செய்தியில் இடி இடிப்பது போன்ற இசையோடு "குழாயில் வருவது குடிநீரா, விஷமா?" என்று சிவப்பு எழுத்தில் போட்டு, பழுப்புத் தண்ணீர் நிரம்பிய ஒரு வாளியைக் காட்டினீர்கள். ஐயா, அந்த வாளி எங்களுடையது. பள்ளிச் சீருடை தைக்க வந்த காக்கித் துணியை, வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிடட்டும் என்று அப்பா கடை வாசலில் ஊறவைத்த வாளி. சாயம் இறங்கித்தான் அந்த நிறம். உடைந்த கைப்பிடியை அப்பா பழைய அளவு நாடாவால் சுற்றிக் கட்டியிருந்தது கூடத் திரையில் தெரிந்தது. நாடாவில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்ற எண்களை என்னால் படிக்க முடிந்தது. உங்கள் கேமரா நல்ல கேமரா.

"அப்பா, அது நம்ம வாளி" என்றேன்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அட, ஆமாடி! நம்ம வாளியேதான்! பாத்தியா, விஷம் நம்ம வாசல் வரைக்கும் வந்துடுச்சு!"

"காலையில நீங்கதானேப்பா காக்கித் துணிய ஊறப் போட்டீங்க?"

"போட்டேன். இல்லைன்னா சொல்றேன்? ஆனா டிவில வர்றவங்க விசாரிக்காமயா சொல்லுவாங்க?"

"உங்ககிட்ட யாராச்சும் விசாரிச்சாங்களா?"

"என்கிட்ட எதுக்கு விசாரிக்கணும்? எனக்கு என்ன தெரியும்?"

இதற்கு மேல் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதவும். அம்மா கையிலிருந்த டம்ளரை அப்படியே கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் கொட்டினார். எதிர் வீட்டு அத்தைக்கு ஏழேகாலுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. ஏழரைக்குத் தலைமுடி கொட்டுவதாக வாசலில் நின்று சீப்பைக் காட்டினார். மறுநாள் தெரு முழுவதும் கேன் தண்ணீருக்கு மாறியது, நாங்களும் மாறினோம். அம்மா மறுபடி குடிக்க ஆரம்பித்தார், எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் புதன்கிழமை "கேன் தண்ணீர்: மூடிக்குள் மறைந்திருக்கும் ஆபத்து" என்று அரை மணி நேர நிகழ்ச்சி போட்டீர்கள். சரி, காய்ச்சிக் குடிக்கலாம் என்றேன். வியாழக்கிழமை காலை உங்கள் நல்வாழ்வு நிகழ்ச்சிக்கு வந்த மருத்துவர், காய்ச்சினால் தண்ணீரில் இருக்கும் சத்தெல்லாம் ஆவியாகிவிடும் என்றார். அவர் பல் மருத்துவர். அதையும் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தீர்கள், நன்றி. அம்மா அதன் பிறகு காலையில் அரை டம்ளர், இரவில் மாத்திரைக்கு ஒரு வாய், அவ்வளவுதான்.

நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் தெருவில் மூன்று குழாய்களிலிருந்து மாதிரி எடுத்துப் போய் இரண்டு முறை சோதித்தேன். குளோரின் சரியாக இருந்தது, கலங்கல் இல்லை, கிருமி இல்லை. அறிக்கையில் என் கையெழுத்து, அதற்குக் கீழே எங்கள் தலைமை வேதியியலாளர் கையெழுத்து. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னோடதுப்பா."

"அதான் பாத்தேன். நம்ம வீட்டுப் பொண்ணு எழுதின தாளை நம்பி உங்க அம்மா உசுர வைக்கச் சொல்றியா?"

ஐயா, என்னைப் படிக்கவைக்க அவர் எத்தனை ஆயிரம் சட்டைக்குக் காஜா எடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் கோபப்படவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை உங்கள் நிருபர் ஆய்வகத்துக்கே வந்தார். தலைமை வேதியியலாளர் கூட்டத்தில் இருந்ததால் மைக் என் முன்னால் வந்தது. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்ற மூன்று வார்த்தைகளும் தொண்டை வரை வந்தன. விளக்கைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டன. அவை திரும்பி வந்தபோது நிருபர் வண்டியில் ஏறிவிட்டார். மாலையில் நான் வாயைத் திறந்து மூடுவதை இரண்டு முறை மெதுவாகக் காட்டி, "அதிகாரி திணறல்" என்று போட்டீர்கள். நான் அழுதேன். அப்பா தெருவெல்லாம் போய், "நம்ம பொண்ணு அதிகாரி ஆயிட்டா, டிவிலயே போட்டுட்டான்" என்று சொல்லிவிட்டு வந்தார். பட்டம் வாங்கிய அன்றுகூட அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனையில் சேர்த்தோம். தண்ணீரே குடிக்காததால்தான் இந்த வலி என்று மருத்துவர் திட்டினார். ஊசி போட்டதில் அம்மா தூங்கிவிட்டார். அந்த நேரத்தில் உங்கள் ஆட்கள் வந்து படம் எடுத்துப் போயிருக்கிறார்கள். மாலையில் "விஷக் குடிநீர்: முதல் பாதிப்பு" என்று, முகத்தை மட்டும் மங்கலாக்கி அம்மாவைக் காட்டினீர்கள். வார்டிலும் உங்கள் செய்திதான் ஓடும். அம்மா கண் விழித்துப் பார்த்து, "ஐயோ பாவம், எந்த வீட்டு மகராசியோ" என்று உச்சுக் கொட்டினார்.

"அம்மா, அது நீதாம்மா!"

"நானா?" அம்மா தன் போர்வையைப் பார்த்தார், திரையில் இருந்த போர்வையைப் பார்த்தார். "அப்ப எனக்குக் கல்லு இல்ல. விஷம். அப்பனும் மகளும் சேந்து என்கிட்ட மறைச்சிருக்கீங்க."

நான் கொடுத்த டம்ளரை ஒரு விரலால் தள்ளி வைத்தார். இப்போது ஒரு சொட்டும் குடிப்பதில்லை. கையில் ஏறும் மருந்துத் தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று நர்ஸிடம் கேட்கிறார். செவ்வாய்க்கிழமை மறுபடி ஸ்கேன். அதற்குள் கல் நகரவில்லை என்றால் அறுவை சிகிச்சை. அம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். நாளை மாலை ஏழு மணிக்கு, அதே செய்தி வாசிப்பாளர், அதே இடி இசையோடு, அதே சிவப்பு எழுத்தில், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். பெற்ற மகள் சொன்னால் அம்மா குடிக்க மாட்டார். உங்கள் வாசிப்பாளர் சொன்னால் குடிப்பார். என்னை அதிகாரி என்று போட்டதற்கு மறுப்பு வேண்டாம். அப்பா தாங்க மாட்டார்.

உங்கள் குடும்பத்தில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்து, நீண்ட காலம் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
திரையில் வாயைத் திறந்து மூடிய பெண்

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. வார்டின் தொலைக்காட்சி காலையிலிருந்து பழுது. அம்மா தவித்துப்போய், "தண்ணியப் பத்தி என்னடி சொன்னாங்க?" என்றார். "நல்ல தண்ணின்னு சொல்லிட்டாங்கம்மா" என்றேன். "யாரு, செய்தி வாசிக்கிறவரேவா?" "அவரேதான். ஒரு டம்ளர் குடிச்சும் காட்டினாரு." எங்கும் தடுமாறவில்லை, எனக்கே ஆச்சரியம். அம்மா மடமடவென்று இரண்டு டம்ளர் குடித்துவிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டினார். "இதைத்தான் நானும் அப்பவே நெனச்சேன்" என்றார் அப்பா. ஆகவே தயவுசெய்து உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். இப்போது நீங்கள் சொன்னால், சொன்னதையே எதற்கு இரண்டாம் தடவை சொல்கிறார்கள், உள்ளே ஏதோ இருக்கிறது என்று அப்பா ஆரம்பித்துவிடுவார். பக்கத்துக் கட்டில்காரம்மா எழுந்து உட்கார்ந்து, "வேற என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டார். மற்றக் கட்டில்களிலிருந்தும் தலைகள் திரும்பின. நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன். அத்தனை பேர் வாய் மூடி நான் பேசுவதைக் கேட்டது இதுதான் முதல் முறை.