மூன்று ஜாடியிலும் ஒரே பொட்டு

ஆயுத பூஜை வந்துவிட்டால் ஓசூரில் சந்தனப் பொட்டுக்குத் தப்பும் இயந்திரம் கிடையாது. லேத், லாரி, தண்ணீர் மோட்டார் எல்லாம் பொட்டோடு நிற்கும்போது என் ஆராய்ச்சி மட்டும் எப்படித் தப்பும்?

அப்போது நுண்ணுயிரியல் முதுகலை கடைசி ஆண்டு. லேப்ராஸ்கோப்பி அறுவையில் வயிற்றை உப்ப வைக்க வாயு செலுத்துவார்கள். அந்த வாயு உள்ளே இருக்கும் பாக்டீரியாவை வளர்க்குமா, அடக்குமா? (கேள்வி ஒரு சர்ஜன் கொடுத்தது. தலைக்கனம் மட்டும் என்னுடையது.) ஒரு ஜாடியில் கரியமில வாயு, இன்னொன்றில் ஹீலியம், மூன்றாவதில் வெறும் காற்று. ஒவ்வொன்றிலும் பாக்டீரியா தடவிய ஒரு தட்டு. ஒழுங்காகச் செய்து காட்டினால் அந்த சர்ஜனின் மருத்துவமனை லேபிலேயே எனக்கு வேலை. தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

தட்டுகளை ஜாடிக்குள் வைக்கப்போன நேரத்தில் அம்மாவின் போன். அம்மா ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர்.

"ஏய், சாமானுக்கெல்லாம் பொட்டு வச்சியா? எங்க லைன்ல பொட்டு வைக்காம ஒரு மெஷினையும் ஆன் பண்ண விடமாட்டேன்."

வைத்தேன். தட்டு மூடிமேல் எழுதிய பெயர் அழியக் கூடாதென்று மூடியின் உள்பக்கம் வைத்தேன். (எவ்வளவு முன்யோசனை!) மூடியில் கோக்கும் ஈரம் பாக்டீரியாமேல் சொட்டாமலிருக்க இந்தத் தட்டுகளைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும், முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். பொட்டு வைத்ததைத் தலைகீழாக வைக்க எனக்கு மனசு வரவில்லை. நிமிர்த்தியே வைத்து, வாயு நிரப்பிவிட்டு, பொரி சாப்பிடப் போய்விட்டேன்.

விடுமுறை முடிந்து சர்ஜனே வந்தார். மூன்று தட்டிலும் நட்டநடுவே, கொழகொழவென்று ஒரு வட்டம்.

"சார், எந்த வாயு குடுத்தாலும் வட்டமாத்தான் வளருது! இது புதுசு சார்!"

அவர் மூடியைத் திறந்தார். "ஏம்மா, சந்தன வாசம் வருதே?"

மூடியில் இருந்த பொட்டு சொட்டியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "பூஜைங்க சார்."

"கவுத்து வைக்கலையா?"

"சாமிக்கு வச்சது... எப்படிங்க சார் கவுக்கறது?"

அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. வேலை வேறொருத்திக்குப் போனது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். கரியமில வாயுவில் பாக்டீரியா கொஞ்சம் மந்தமாக வளர்ந்தது, சாகவில்லை. சந்தனம் கலக்காத முடிவு அவ்வளவுதான்.

போன வருஷம் எனக்குக் குடல்வால் அறுவை. அதே சர்ஜன், அதே வாயு. துணியை விலக்கிய நர்ஸ், "சார், இங்க பாருங்க" என்றார். தொப்புளுக்கு மேலே ஈரம் காயாத சந்தனப் பொட்டு. காலையில் அம்மா வைத்தது. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சர்ஜன் அதைத் துடைத்தபடி குனிந்து கேட்டார்: "டேபிளத் தலைப்பக்கம் எறக்கித்தாம்மா ஆபரேஷன் பண்ணணும். உன்னக் கவுக்கலாமில்ல?"

நான் மயங்கும்வரை எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் இன்றும் யாருக்கு ஊசி போட்டாலும் இந்தக் கதை வந்துவிடும். அம்மா மட்டும் சிரிப்பதில்லை.

"பொட்டு வச்சதாலதான நல்லபடியா முடிஞ்சுது?"