மூன்று மில்லி கோணல்

கர்ரக்… கர்ரக்… நின்றது. மறுபடி கர்ரக்.

இருட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பாப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, துணி வெட்டும் கத்தரிக்கோலை ஓங்கிப் பிடித்தபடி கதவுக்குப் பின்னால் நின்றேன். நாற்பது நிமிடம். பத்து மாதக் குழந்தை அது பாட்டுக்கு என் காதைத் தின்றுகொண்டிருந்தது. மாடி வீட்டு அக்கா கட்டிலை இழுத்துப் போட்ட சத்தமாம். மறுநாள்தான் தெரிந்தது.

கணவர் அப்போது பக்கத்துத் தெருவில் சீட்டாடிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வருவார், முகம் கழுவுவார், ஏழு மணிக்குச் செருப்பு மாட்டுவார், பத்தரைக்குத் திரும்புவார். அதுவரை உள்தாழ்ப்பாள் போடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். சாவியைத் திருப்பினால் போதுமாம். தாழ் போட்டால் அவர் தட்ட வேண்டும். தட்டினால் பாப்பா எழுந்துவிடும். எழுந்தால் அவர் தூக்கம் கெடும்.

"என்னங்க, பயமா இருக்குங்க. எவனாவது வந்துட்டா?"

"நம்ம வீட்ல எடுக்க என்ன இருக்கு?"

"நானும் பாப்பாவும் இருக்கோமே!"

"அதான் சொல்றேன். வந்தவன் கதி என்ன ஆகும், பாவம்."

அழுது பார்த்தேன். கைக்குட்டை கொடுத்துவிட்டுக் கிளம்பினார். சண்டை போட்டேன். சீக்கிரமாகவே கிளம்பினார்.

அப்புறம்தான் யோசித்தேன். இவரை நிறுத்திவைக்கக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: கோணல். ஸ்க்ரூ கம்பெனியில் அளவு பார்க்கிற உத்தியோகம். மயிரிழை பிசகினாலும் தூக்கி ரிஜெக்ட் டப்பாவில் போடுகிறவர். சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் சோறு இறங்காது.

மறுநாள் மாலை பாப்பாவுக்கு இளஞ்சிவப்புத் துணியில் ஒரு கவுன் தைக்க உட்கார்ந்தேன். கோணலாக. கான்வென்ட்டில் தையலுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கியவள் நான். அந்தக் கை கோணலாகத் தைப்பதற்கு மத்தியானம் முழுக்கப் பழக வேண்டியிருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு தையல் மிஷினைத் தாண்டியவர் நின்றார்.

"என்ன இது?"

"பாப்பாவுக்குக் கவுன்."

"ஓரம் இந்தப் பக்கம் மூணு மில்லி ஏறியிருக்கு."

"குழந்தை போட்டா தெரியாதுங்க."

"தெரியாதா? அவ எம் மடியில வந்து உக்காந்தா எனக்குத் தெரியுமே!"

"நீங்க கிளம்புங்க, நேரமாச்சு. இதெல்லாம் ஸ்க்ரூ மாதிரி லேசு இல்ல."

ஒரு செருப்பு கழன்றது.

"நகரு."

இரண்டாவதும் கழன்றது.

அன்றைக்கு நேர்த்தையல் மட்டும். நான்கு முறை பிரித்தார். மறுநாள் நான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தார். இரண்டு துண்டுகளையும் நல்ல பக்கம் உள்ளே வைத்துச் சேர்க்கப் போனார். தடுத்தேன்.

"நல்ல பக்கம் வெளிய இருக்கட்டும். ஓரமா ஒரு தையல் ஓட்டுங்க."

"பிசிறெல்லாம் தெரியுமே! உனக்கு யாரோ தலைகீழா சொல்லிக் குடுத்துட்டாங்க."

"ஓட்டுங்களேன். இப்ப அப்படியே உள்பக்கமாத் திருப்புங்க. அதே ஓரத்துல இன்னொண்ணு."

ஓட்டினார். விரித்தார். புரட்டினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பிசிறு எங்க போச்சு?"

"ரெண்டு தையலுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு."

"இனி வெளியவே வர முடியாதே!"

"முடியாதுங்க" என்றேன், அவரையே பார்த்துக்கொண்டு.

மூன்றாம் நாள் இடுப்புச் சுருக்கம். நீளத் தையலாக இரண்டு வரிசை ஓட்டி, நூலை மெல்ல இழுத்தால் துணி தானாகக் கூடி வரும். இவர் ஸ்க்ரூ முறுக்குகிற வேகத்தில் இழுத்தார். நூல் கையோடு வந்துவிட்டது. அதைப் பழகவே ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

நாலாம் நாள் கை. ஸ்க்ரூவின் பருமன் பார்க்கிற வெர்னியர் என்ற இரும்பு இடுக்கியைக் கொண்டுவந்து, தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவின் கையை அளந்தார். நாற்பத்தாறு மில்லி. அதைச் சுற்றளவாகக் கணக்குப் போட்டு, அச்சு அசலாக வெட்டி, அழகாகவே தைத்தார். பாப்பா எழுந்ததும் போட்டுப் பார்த்தோம். விரல் நாலும் போனது. முழங்கை முட்டி போகவில்லை. வீடே அதிரும்படி அழுதாள்.

"அளவு சரியாத்தான் இருக்கு. இவ கைதான் தப்பு."

"ரிஜெக்ட் டப்பாவுல போட்டுடலாமா?"

முறைத்தார்.

"உடம்புக்கு ஒரு அளவு, சட்டைக்கு ஒரு அளவுங்க. நடுவுல மூச்சு விட இடம் விடணும்."

"எவ்வளவு?"

"பார்த்து விடணும்."

"பார்த்துன்னா எத்தன மில்லி?"

"பார்த்து" என்ற அளவு அவர் கம்பெனியில் கிடையாது. சாப்பிடும்போதுகூடத் தன் சட்டைக் கையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் ஆபத்து வாசலுக்கே வந்தது. இவருடைய சீட்டாட்டக் கூட்டாளி. எந்த ஆட்டத்திலும் ஜோக்கர் அவர் கைக்கே வந்து சேரும் என்பதால் பெயரும் அதுவே.

"டேய், நாலு நாளா ஆளக் காணோம்! மூணு பேரும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துட்டு உக்காந்திருக்கோம். வாடா!"

ஜோக்கர் தட்டிவிட்டுக் காத்திருக்கிற ரகம் இல்லை. திறந்துகொண்டு நேரே வருகிற ரகம். இவர் வீட்டிலிருந்ததால் சாவிகூடத் திருப்பவில்லை. ஒரு "வாடா"வில் என் நாலு நாள் பாடும் தண்ணீரில் போய்விடும். இருட்டும் நானும் பாப்பாவும் மறுபடி பத்தரை மணிவரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

இவர் முகமோ வெளுத்துவிட்டது. வாயில் நாலு குண்டூசி, கழுத்தில் அளவு நாடா, மடியில் இளஞ்சிவப்புக் கவுன். ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, ஒரே பாய்ச்சலில் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.

"வரலடா! உடம்பு சரியில்ல!"

"மிஷின் சத்தம் கேட்டுதே?"

"அவ தைக்கிறா!"

கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார்.

"ஆமாண்ணா, நான்தான்" என்றேன். என் கையில் பால் புட்டி இருந்தது.

"சரிம்மா, நாளைக்காவது அனுப்பு."

"நாளைக்கும் உடம்பு சரியில்லடா!" என்றார் இவர்.

செருப்புச் சத்தம் தெருமுனைவரை போய்த் தேய்ந்தது. இவர் கதவைவிட்டு வந்தார். கவுன் கசங்கியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என்மேல் பாய்ந்தார்.

"கதவை இப்படியா வெறுமனே சாத்தி வெக்கிறது? குழந்தை இருக்கிற வீடு! கண்டவனும் உள்ள வந்துடறான். பயம்னு ஒண்ணு வேண்டாம் உனக்கு? இனிமே ஆறரைக்கே தாழ்ப்பாள் போட்டுடணும், சொல்லிட்டேன்!"

கணவர் பேச்சை நான் என்றைக்குத் தட்டியிருக்கிறேன்? போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.