ஐம்பதாண்டு வெள்ளத் திட்டமும் அளவுக்காரி கோமளமும்

ஒரு காட்டில், மழைக்காலம்தோறும் கரை மீறும் ஆற்றின் ஓரத்தில், கோமளம் என்றொரு நீர்நாய் இருந்தாள். காட்டு வெள்ள ஆய்வுக் குழுவில் அவள்தான் அளவுக்காரி. ஆற்றுப் பாறையில் கீறியிருந்த கோடுகளில் தண்ணீர் எதைத் தொடுகிறது என்று தினமும் பார்த்துச் சொல்வது வேலை.

போன வருஷ வெள்ளத்தில் பாதிக் காடு நனைந்துபோனதால், குழுத் தலைவர் யானையார் ஒரு கூட்டம் போட்டார். வெள்ள ஆய்வின் அடுத்த ஐம்பது ஆண்டுகளைத் திட்டமிட வேண்டும். அவருக்கு மேடேறினால் முட்டி வலி; அதனால் கூட்டம் ஆற்றங்கரைப் புல்வெளியிலேயே நடந்தது.

திட்டத்துக்குப் பெயர் 'தொலைநோக்கு' என்பதா 'நெடுநோக்கு' என்பதா என்று மதியம்வரை பேசினார்கள். அதற்குள் ஆறு செம்மண் நிறமாகி, முறிந்த மூங்கில்கள் மிதந்து வந்தன. கோமளம் ஓடிப்போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஐயா, தண்ணி ஏழாம் கோட்டைத் தொட்டுருச்சு. ஒன்பதைத் தொட்டா முயல் வளையெல்லாம் போயிரும்."

யானையார் சிரித்தார். "நாம பேசறது ஐம்பது வருஷத்தைப் பத்திம்மா. நீ சொல்றது இன்னிக்குச் சாயங்காலம்."

"இன்னிக்குச் சாயங்காலம் அந்த ஐம்பது வருஷத்துல வராதுங்களா?"

செயலாளர் கரடி தாள்களைப் புரட்டினார். "வராது. திட்டம் அடுத்த ஏப்ரல்லதான் ஆரம்பம்."

"முயல்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடவா?"

"எச்சரிக்கைன்னா ஆறாம் நம்பர் படிவம். மூணு பிரதி."

"படிவம் எங்கேங்க?"

"அச்சுக்குப் போயிருக்கு."

கோமளம் உட்கார்ந்தாள். வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் முயல் செங்கமலம் குட்டி போட்டு நாலே நாள். ஒரு குட்டிகூட இன்னும் கண் திறக்கவில்லை. அவள் யாரிடமும் சொல்லாமல் எழுந்து ஓடினாள்.

வளைக்குள் புகுந்து ஒரு குட்டியைப் பிடரியில் கவ்வியதும் செங்கமலம் அலறினாள். "ஐயோ, என் பிள்ளையத் தின்னுறாளே!"

குட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கோமளம் சீறினாள். "கத்தாதடி! தண்ணி வருது. நீ ஒண்ணைத் தூக்கு!"

இரண்டு பேருமாக ஆறு குட்டிகளையும் மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். மற்ற முயல்களும் பின்னாலேயே ஓடிவந்தன. கடைசிக் குட்டியோடு கோமளம் கரையேறியபோது வளை இருந்த இடத்தில் சுழல்தான் இருந்தது.

புல்வெளியில் கூட்டம் தொடர்ந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, யானையார் முதுகில் தாளை வைத்துக் கரடி தீர்மானம் எழுதினார்.

மறுவாரம் ஆய்வறிக்கை வந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆகவே, திட்டம் தொடங்கும் முன்பே வெற்றி. யானையாருக்கு மாலை போட்டார்கள்.

அனுமதியின்றிக் கூட்டத்திலிருந்து வெளியேறியதற்கு விளக்கம் கேட்டுக் கோமளத்துக்கு ஒரு கடிதம் வந்தது. 'தண்ணி வந்துச்சு' என்று அவள் எழுதிக் கொடுத்தாள்.

கரடி திருப்பி அனுப்பினார்: "இது தகவல். விளக்கம் அல்ல."

நீதி: நெடுங்காலத் திட்டம் வெற்றி பெற, கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் எழுந்து ஓட வேண்டும், அவர் மேல் நடவடிக்கையும் எடுக்க வேண்டும்.