கத்தி பிடித்த ஏலக்காய்

படித்தவளுக்கு வரும் திமிரில் பல ரகம் உண்டு. எனக்கு வந்தது, வீட்டுச் சாமியையே திருத்தக் கிளம்பும் ரகம்.

எழுபதுகளின் கடைசி. ராசிங்காபுரத்தில் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் நான். (ஏறி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நடையைப் பார்த்தால் கல்லூரியையே நான்தான் கட்டினேன் என்று நினைப்பீர்கள்.)

அம்மாவிடம் ஒரு பழைய தங்கக் காசு இருந்தது. அதில் ஒரு கையில் வாளும் மறு கையில் ஏதோ ஒரு கட்டுமாக ஓர் ஆள் நிற்பார். அவர்தான் எங்கள் வீட்டுக் கருப்பசாமி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அம்மா அவருக்கு மஞ்சள் தடவிச் சூடம் காட்டுவார். என் படிப்புக்காகக் கம்மலை விற்றபோதும் அந்தக் காசைத் தொடவில்லை.

கல்லூரி நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டினால் அதே ஆள் நிற்கிறார்! டச்சுக்காரர்களின் தங்கக் காசு என்று போட்டிருந்தது.

"அம்மா, இது கருப்பசாமி இல்ல. டச்சுக்காரப் போர்வீரன். கையில இருக்கிறது அம்புக்கட்டு."

"கதிர்க்கட்டுடி அது. வயலக் காக்குறவரு வேற எதப் பிடிப்பாரு? ஒஞ் சோலியப் பாரு."

அத்தோடு விட்டிருக்கலாம். போடியில் ஏலக்காய் வாங்கும் அண்ணாச்சி ஒருவர் டச்சுத் தங்கக் காசுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் வாயால் உண்மையைச் சொல்லவைத்து அம்மாவிடம் வந்து ஜெயிக்க வேண்டும்!

ஒரு வெள்ளிக்கிழமை, குரங்கணிக்கு மேலே இருந்த எங்கள் துண்டுத் தோட்டத்து ஏலக்காயின் சாம்பிளை மாமா ஏல மையத்துக்குக் கொண்டுபோனார். நோட்டு வாங்கணும் என்று நானும் ஒட்டிக்கொண்டேன். காசை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தாயிற்று. விளக்கு வைப்பதற்குள் திரும்ப வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பஸ்சில் நெருக்கித் தள்ளினார்கள். நின்றுகொண்டிருந்த மாமா சாம்பிள் பையை என் மடியில் வைத்தார். ஏலக்காய்க்குள் தங்கத்தை எவன் தேடப் போகிறான்? காசைப் பைக்குள் புதைத்தேன். (நூலகம் கொடுத்த மூளை!)

போடியில் இறங்கி நோட்டுக் கடையில் நின்றபடி, அண்ணாச்சியிடம் பேசவேண்டிய முதல் வாக்கியத்தை மனசுக்குள் செதுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மாமா இல்லை. காலடியில் வைத்திருந்த சாம்பிள் பையும் இல்லை.

ஏல மையத்துக்கு ஓடினேன். உள்ளே வரிசை வரிசையாக வியாபாரிகள். சாம்பிளைத் தட்டில் கொட்டிக் கைமாற்றுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு கை அள்ளி, உருட்டிப் பார்த்து, மோந்துவிட்டு அப்படியே தரையில் போட்டுவிடுவார்கள். தரையெங்கும் கணுக்கால் புதைய ஏலக்காய்.

"மாமா, நம்ம சாம்பிளு?"

"மூணாவது வரிசையில சுத்துது. நீ ஏங் கழுத உள்ள வந்த? பொம்பளைக வர்ற எடமா இது?"

அதற்குள் நான் மூன்றாவது வரிசையில் மண்டியிட்டிருந்தேன். வேட்டிகளுக்கும் செருப்புகளுக்கும் நடுவே இரண்டு கையாலும் துழாவினேன். கருப்பன் எந்தச் செருப்புக்கு அடியில் கிடக்கிறாரோ? அம்மா சாயங்காலம் யாருக்குச் சூடம் காட்டுவார்?

ஏலம் கூறியவர் நிறுத்திவிட்டார்.

"யாரும்மா அது? என்ன தேடுற?"

தங்கம் என்று சொன்னால் அத்தனை வேட்டிகளும் என்னோடு சேர்ந்து மண்டியிடும்.

"ஏலக்காய்" என்றேன்.

கூடமே அதிர்ந்து சிரித்தது. மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வலது கையை இறுக்கி மூடியிருந்தார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கத்தி பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஏலக்காயா, தாயி?" என்றார்.

சட்டைப் பையில் பூதக்கண்ணாடி எட்டிப்பார்த்தது. காசு சேர்க்கும் அண்ணாச்சி! நான் தேடி வந்த அதே ஆள். 'நான் எதையும் பார்க்கவில்லை' என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குச் சாட்சி சொல்ல யாருமில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். எழுந்து வெளியே நடந்தார். நானும் மாமாவும் பின்னாலேயே ஓடினோம்.

வெளிச்சத்தில் நின்று, அந்தப் பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார்.

"டச்சுக் காசேதான். ஏங்கிட்ட இதே மாதிரி நாலு கெடக்கு. அதுகளுக்கெல்லாம் மூஞ்சி இருக்கு. இவனுக்கு மஞ்சளத் தேச்சுத் தேச்சு மூக்கே இல்ல. சேக்குறவனுக்கு இது ஆகாது. கும்பிடுறவங்க வச்சுக்கங்க."

காசு என் கைக்கு வந்தது. நான் சொன்னதுதான் சரி. ஆனால் அதை வீட்டில் சொல்ல முடியாது. இதைவிடக் கொடுமை உண்டா?

விளக்கு வைப்பதற்குள் காசு தன் இடத்தில் இருந்தது. மாமாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அம்மா காசை எடுத்தார். கண்ணருகே கொண்டுபோனார். சாமியின் காலடியில், காய்ந்த மஞ்சளோடு ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்பு ஏலவிதை.

"இவரு எங்கடி போயிட்டு வந்தாரு?"

மாமாவின் சத்தியம் அந்த நொடியே உடைந்தது. சிரித்துச் சிரித்து எல்லாவற்றையும் கொட்டினார். நான் அழுதேன். அழுகைக்கு நடுவிலும், "ஆனா டச்சுக்காரன்தாம்மா!" என்றேன்.

"இருக்கட்டும்டி. இம்புட்டு வருசமா நம்ம மஞ்சளப் பூசிக்கிட்டவரு, இனி எந்தச் சீமைக்குப் போவாரு?" என்று அம்மா சூடத்தைக் கொளுத்தினார்.

படிப்பு முடிந்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுத்துவிட்டு நிமிரும்போது கொண்டை ஊசி விழுந்தது. குனிந்து தேடினேன். "என்னம்மா தேடுற?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்: "ஏலக்காய்!"

மாமா காபியோடு புரையேறி வாசலுக்கு ஓடினார். சம்பந்தி வீட்டார் பாவம், என்ன புரிந்துகொண்டார்களோ தெரியவில்லை. ஏலத்தோட்டம் வைத்திருக்கும் எங்கள் வீட்டுக்கு, பரிசத் தட்டில் இரண்டு கிலோ ஏலக்காய் கொண்டுவந்தார்கள்.