சாமைக்கு நடந்த பரீட்சை

“ஆராய்ச்சிப் பொருள்?”

“எஞ்சாமைங்க.”

“எஞ்சாமை, உஞ்சாமைன்னு எழுத எடமில்லம்மா. சாமைன்னு மட்டும் போட்டுக்கறேன். படிப்பு?”

“இல்லீங்க.”

“இல்லைன்னு எழுதவும் எடமில்லை” என்று குமாஸ்தா தர்மன் பேனாவை மைக்கூட்டில் நட்டுவைத்தார்.

குள்ளம்மாள் அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தாள். ஊறுகாய் ஜாடிகள் வரிசையாக நின்றன. மொத்தம் நூற்றிருபத்தெட்டு. ஜாடிக்கு ஒரு படி சாமை. மூன்றாவது தட்டில் இடது ஓரத்து நான்கு ஜாடிகள் அவளுடையவை. வத்தல்மலையிலிருந்து கோழி கூவக் கிளம்பி, தர்மபுரிக்கு நடந்து வந்திருந்தாள். விதையை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவதுதான் எண்ணம். சர்வகலாசாலையில் சேருகிற எண்ணம் இருக்கவில்லை.

மாசி மாதம் புரொபசர் மாதேஸ்வரன் மலையேறி வந்ததில் தொடங்கியது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக விதைகளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று சர்க்கார் அவருக்கு எழுதியிருந்தது. யுத்த காலம். அவர் வீடு வீடாகப் போய் விதை கேட்டார். மலையில் ஒரு வழக்கம் உண்டு. விதை என்று வந்து கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. ஏன் தீர்ந்தது என்றும் கேட்கக் கூடாது. வாங்கிப் போனவன், கொடுத்தவன் விதைப்பதற்குள் திருப்பிவிடுவான். மாரண்டஹள்ளியில் பிறந்து, சீமையில் மூன்று வருஷம் புல் இனங்களைப் படித்துவிட்டு வந்தவர் மாதேஸ்வரன். கம்பளிக் கோட்டோடு வேர்த்து விறுவிறுத்து வாசலில் நின்றவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கோட்டுப் போட்ட குடும்பத்துக்கே விதையில்லாமப் போச்சே, குள்ளம்மா. எத்தனை கொழந்தைங்களோ!”

முப்பத்திரண்டு வீடும் வீட்டுக்கு ஒரு வள்ளம், அதாவது நான்கு படி, இருந்த விதை முழுவதையும் அளந்து கொடுத்தன. ஆற்றோரம் எங்கேயாவது தண்ணீர் பாய்ச்சி விதைத்து, ஆனிக்குள் திருப்பிவிடுவார் என்று நினைத்தார்கள். அவர் ஜாடியில் போட்டு மூடி, அரக்கு வைத்துவிட்டார். ஆனி பிறந்து பத்து நாளாகிவிட்டது.

“விதையைக் குடுத்தா நான் பாட்டுக்குப் போயிருவேனுங்க” என்றாள் குள்ளம்மாள்.

“சேர்ந்த மாணாக்கருக்குத்தாம்மா ஜாடியைத் திறக்கலாம். விதி பதினாலு.”

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். சர்வகலாசாலையின் அந்தக் கிளை தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புரொபசர் ஒருவர், குமாஸ்தா ஒருவர், சேவகர்கள் இருவர், வெண்கல மணி ஒன்று இருந்தன. மணி ஒவ்வொரு மணிக்கும் தவறாமல் அடிக்கப்பட்டது. மாணாக்கர் மட்டும் இல்லை. ஜூன் முப்பதாம் தேதிக்குள் ஒருவராவது சேராவிட்டால் கிளை மூடப்படும் என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. ஆகவே விண்ணப்பத்தில் படிப்புக்கு எதிரே இருந்த காலி இடத்தைக் குமாஸ்தா உள்ளே எடுத்துக்கொண்டு போனபோது, புரொபசர் எழுந்தே நின்றுவிட்டார்.

“துறைத் தலைவர் சமமான தகுதி உடையவர் என்று கருதினால் போதும். கருதிப் பார்க்கிறேன். வரச் சொல்லும்.”

நேர்முகத் தேர்வு நடந்தது.

“உலகத்தில் சாமை எத்தனை வகை?”

“உலகம் தெரியாதுங்க சாமி. எங்க மலையில அஞ்சு.”

“இரண்டு என்பதுதான் சரியான விடை. என் புத்தகத்தில் இருக்கிறது.” புரொபசர் சற்று யோசித்தார். “இருந்தாலும் ஐந்துக்குள் இரண்டும் அடங்கிவிடுவதால் தேர்ச்சி அளிக்கிறேன். உனக்கு நான்கு ஜாடி.”

“மத்தவங்களுதுங்க?”

“அதற்கு மாணாக்கர் வேண்டும்.”

“கூட்டியாறேன்” என்றாள் குள்ளம்மாள்.

மறுநாள் முப்பத்தொரு பேர் இறங்கி வந்தார்கள். ஊர்க்கவுண்டன் சின்னன் முன்னால் வந்தான். எல்லோரும் ஐந்து வகை என்றார்கள். எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள். ராஜதானியிலேயே மாணாக்கர் மிகுந்த ஆராய்ச்சிக் கிளை இதுவே என்று தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுத் தந்தி வந்தது. ஆராய்ச்சி மாணாக்கர் கறுப்பு அங்கி அணிய வேண்டும் என்ற உத்தரவு அதன் பின்னால் வந்தது. குண்டு விமானங்களுக்குத் தெரியாமல் விளக்குகளை மறைக்கும் இருட்டடிப்புக்கென்று தர்மபுரிக்கு வந்த கறுப்புத் துணி கட்டுக் கட்டாகக் கிடந்தது. ஊரில் மறைக்கிற அளவுக்கு வெளிச்சம் இருக்கவில்லை. அதைக் கிழித்து முப்பத்திரண்டு அங்கி தைத்தார்கள். சின்னன் அங்கியோடு மாமியார் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வந்தான்.

“என்ன கவுண்டரே, கரடி மாதிரி?” என்றாள் பாஞ்சாலி.

“பேசறதைப் பாத்துப் பேசு. ஆராய்ச்சிக்காரன்கிட்டப் பேசறே.”

“நானும்தான் ஆராய்ச்சிக்காரி.”

“நீ முப்பத்தொண்ணாவது நம்பரு.”

ஜாடிகள் மட்டும் திறக்கப்படவில்லை. செய்முறைப் பரீட்சையில்தான் விதையைத் தொடலாம். பரீட்சை ஆடிப் பதினெட்டு என்று அச்சாகியிருந்தது. மழை ஆனி இருபத்தேழில் வந்துவிட்டது.

நனைந்துகொண்டே மலை இறங்கி வந்த குள்ளம்மாள் புரொபசர் மேஜை முன்னால் நின்றாள்.

“மழை வந்திருச்சுங்க.”

“வந்ததாக எனக்குத் தகவல் இல்லை” என்றார் புரொபசர், ஜன்னல் வழியாகச் சாரல் பட்ட கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

“ரெண்டு நாள் ஈரத்துல போட்டாத்தானுங்க சாமை. ஆடிப் பதினெட்டுக்கு மண்ணு காஞ்சு கல்லாயிரும். அப்பறம் வருசம் பூரா கெழங்கு தோண்டித்தான் திங்கணும். ரேசன் அரிசி மலையேறி வராதுங்க.”

“மழைக்காகப் பரீட்சையை மாற்றியதற்கு முன்னுதாரணம் இல்லை.”

“அப்ப எம்பேரை அடிச்சிருங்க சாமி. முப்பத்திரண்டு பேரும் நின்னுக்கறோம்.”

வெளியே மணி அடித்தது. பதினோரு மணி. அது அடித்து ஓயும் வரை புரொபசர் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவசரப் பரீட்சை என்று ஒரு விதி இருக்கக் கூடும்” என்றார்.

தர்மன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “அப்படி ஒண்ணும் இல்லீங்களே.”

“இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறதா?”

“அதுவும் இல்லீங்க.”

“அப்படியானால் இருக்கிறது” என்று புரொபசர் கையெழுத்திட்டார்.

தலைமைப் பரீட்சை அதிகாரி அந்த வாரம் தணிக்கைக்காகத் தர்மபுரியில் இருந்தார். அவரை டோலியில் உட்காரவைத்து நான்கு பேர் மலைக்குத் தூக்கிப் போனார்கள். ஜாடிகளை மாணாக்கர் தலையில் சுமந்தார்கள். மணியைச் சேவகன் சுமந்தான். மாதிரி விடை ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காக, சின்னனுடைய ஜாடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தர்மனிடம் தந்து, ஒரு துண்டு நிலத்தையும் ஒதுக்கிக் கொடுத்தார் புரொபசர்.

அதிகாரி குடைக்கடியில் நின்று அறிவித்தார். “அவரவர் நிலம் அவரவர் விடைத்தாள். அடுத்தவர் நிலத்தைப் பார்க்கக் கூடாது. பேசக் கூடாது. நேரம் மூன்று மணி.”

மணி அடித்தது. முப்பத்திரண்டு பேரும் குள்ளம்மாள் காட்டுக்குள், அதாவது அவள் விதைக்கும் நிலத்துக்குள், இறங்கினார்கள். சரிவில் அதுதான் முதல் காடு. மலையில் ஒருவர் காட்டை ஒருவராக யாரும் விதைப்பதில்லை. எல்லோரும் ஒரு காட்டில் இறங்குவார்கள், முடித்ததும் அடுத்ததற்கு நகருவார்கள். பெண்கள் சாமையை மணலோடு கலந்து வீசிக்கொண்டே போனார்கள். ஆண்கள் பின்னாலேயே மேலாகக் கொத்தி மூடிக்கொண்டு வந்தார்கள். மழைத் தூறலில் கறுப்பு அங்கிகள் சரிவில் மெதுவாக நகர்ந்தன.

“நிறுத்து!” என்றார் அதிகாரி. “முதல் நம்பரின் விடைத்தாளில் பன்னிரண்டாம் நம்பர் என்ன செய்கிறான்?”

“கொத்தறானுங்க” என்றாள் குள்ளம்மாள்.

“அவன் நிலத்தில் ஏன் கொத்தவில்லை?”

“அது இன்னும் வரலீங்க. இதுக்கப்பறம் பாஞ்சாலி காடு. அதுக்கப்பறம் கவுண்டர் காடு. அப்பறந்தான் அவங்காடு.”

“விதையில் மணலைக் கலந்தது யார்?”

“எல்லாருந்தானுங்க. பொடி விதை. மணல் இல்லாட்டிக் கையில ஒட்டிக்கும், ஒரே எடத்துல விழுந்துரும்.”

“கலப்படம்” என்று அதிகாரி எழுதிக்கொண்டார். முப்பத்திரண்டு காடும் முடிந்தபின் சின்னனை அழைத்தார். “முப்பத்திரண்டு விடையும் ஒன்றுபோல இருக்கிறது. யாரைப் பார்த்துச் செய்தாய்?”

“எங்கப்பனைப் பாத்துங்க.”

“அவன் எங்கே?”

“செத்துப் பதினொரு வருசமாச்சுங்க.”

“தகப்பனார், காலஞ்சென்றவர், உடந்தை” என்று அதிகாரி எழுதினார்.

தர்மன் ஒருவர்தான் யாரையும் பார்க்கவில்லை. புரொபசரின் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கயிறு கட்டி, ஸ்கேல் வைத்து, ஆறு அங்குலத்துக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு விதை, நான்கு அங்குல ஆழம் என்று நட்டு மூடினார். அதிகாரி அவருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கொடுத்தார். நடுவில் ஒருமுறை தும்மியது யாருக்காவது சைகையாக இருக்கலாம் என்று இரண்டு மார்க் குறைத்தார்.

ஐந்தாம் நாள் உத்தரவு வந்தது. முப்பத்திரண்டு பேரும் காப்பியடித்த குற்றத்துக்காக மூன்று வருஷம் விலக்கப்படுகிறார்கள். அவர்கள் பெற்ற சாமையை ஏழு நாளைக்குள் ஜாடியில் திருப்பிப் போட வேண்டும். தர்மன் மலையேறி அதைப் படித்துக் காட்டினார்.

“மண்ணுக்குள்ள இருக்குதுங்களே” என்றான் சின்னன்.

“எந்த நெலையில இருந்தாலும் வாங்கிக்கலாம்னு போட்டிருக்குதுங்க.”

“அப்ப மலையைத் தூக்கிட்டுப் போங்க” என்றாள் குள்ளம்மாள்.

குள்ளம்மாள் காட்டுக்கு இரண்டு சேவகர்கள் சல்லடையோடு வந்தார்கள். ஒரு பகல் முழுக்கச் சலித்ததில் பதினோரு சாமை கிடைத்தது. குள்ளம்மாள் வரப்பில் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சலித்து ஒதுக்கிய மண்ணை அவர்கள் போனதும் காலால் பரப்பிவிட்டாள். மறுநாள் அவர்கள் வந்தபோது காடு பச்சை கட்டியிருந்தது. பச்சையைச் சலிக்க உத்தரவு இல்லை. திரும்பிப் போனார்கள்.

புரொபசர் தாமே வந்து பார்த்தார். முப்பத்திரண்டு காடும் முளைத்திருந்தன. தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கிய நிலம் மட்டும் மொட்டையாக இருந்தது. மாணாக்கர் இல்லை, மாதிரி விடையும் இல்லை. கிளை இனி நிற்காது. அவர் பச்சைக்கும் மொட்டைக்கும் நடுவில் நெடுநேரம் நின்றார். அப்புறம் அவருக்கு விஷயம் புலப்பட்டது.

‘காப்பியடித்தலும் முளைப்புத் திறனும்: வத்தல்மலைச் சாமை பற்றிய ஓர் ஆய்வு’ என்ற கட்டுரை ஆவணியில் வெளிவந்தது. நேர்மையாக விதைத்த சாமை முளைப்பதில்லை, காப்பியடித்து விதைத்த சாமை முளைக்கிறது என்று அது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவியது. சோதனை முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு பலித்திருந்தது. தலைமை அலுவலகம் மகிழ்ந்தது. மாதேஸ்வரன் தலைமைப் புரொபசரானார். கிளை ஸ்தாபனமானது. இன்னும் பெரிய மணி ஒன்று வந்தது. இனி ராஜதானி எங்கும் சிறுதானியங்களைக் காப்பியடித்தே விதைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை போயிற்று. மாரண்டஹள்ளியில் தன் நிலத்தில் தனியாக விதைத்துக்கொண்டிருந்த ஒரு குடியானவருக்கு, யாரைப் பார்த்து விதைக்கிறீர் என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது.

ஐப்பசியில் அறுப்பு முடிந்தது. வீடு நிறையச் சாமை. அதோடு, விலக்கப்பட்ட முப்பத்திரண்டு பேருக்கும் தங்க ஓரம் போட்ட பத்திரம் வந்தது. ‘முறைப்படி காப்பியடித்தவர்’ என்று அதில் அச்சாகியிருந்தது. சின்னன் அதற்குச் சட்டம் போட்டு வாசற்காலில் மாட்டினான். குள்ளம்மாள் தவிர மற்றவர்களும் மாட்டினார்கள். பாஞ்சாலி மகளுக்குப் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல பையன், இரண்டு ஜோடி மாடு, குடிப்பழக்கம் இல்லை.

“எல்லாஞ் சரிங்க” என்றாள் பாஞ்சாலி. “ஆனா அவரை எந்தச் சர்வகலாசாலையும் இன்னும் வெளிய தள்ளலையே?”

வரன் திரும்பிப் போயிற்று. கார்த்திகையில் ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டார், வரும் வருஷம் தங்கள் காட்டிலும் எல்லோரும் இறங்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார்கள். பத்திரம் இல்லாதவன் காட்டில் பத்திரக்காரன் கால் வைத்தால் பத்திரத்துக்கு என்ன மரியாதை என்று சின்னன் கேட்டான். அங்கியோடுதான் கேட்டான். யோசிக்க வேண்டிய விஷயந்தான் என்று ஊர் சொன்னது.

குள்ளம்மாள் மட்டும், “எங்காட்டு வேலை முடிஞ்சதும் நான் இறங்கறேன்” என்றாள். அதை யாரும் கூட்டத்தின் முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாசியில் தலைமைப் புரொபசர் மறுபடி வந்தார். இந்த முறை அவரும் டோலியில் வந்தார். களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கம்பளிக் கோட்டுக்கு மேல் ஒரு அங்கி, அங்கிக்கு மேல் ஒரு மாலை. ஆராய்ச்சியில் மலைமக்கள் ஆற்றிய பங்கைப் பற்றிப் பேசினார். உலகத்தில் சாமை இரண்டு வகை என்றார். முப்பத்தொரு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

“வரும் வருஷம் ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி இரட்டிப்பாகும். ஆகவே வீட்டுக்கு இரண்டு வள்ளம் விதை தரும் கௌரவத்தை உங்களுக்கு அளிக்கிறேன்.”

முதலில் சின்னன் கை தட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். தட்டுகிற சத்தம் எதிர்ச் சரிவு வரை போய்த் திரும்பியது.

குள்ளம்மாள் தன் வீட்டுக்குள் விதைக்கூடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் எலி ஒரு ஓட்டை போட்டிருந்தது. கூரையில் செருகியிருந்த பத்திரத்தை எடுத்தாள். தங்க ஓரம் உள்பக்கம் போகிறமாதிரி நான்காக மடித்தாள். ஓட்டைக்குள் திணித்து விரலால் அழுத்தினாள். அதன்மேல் சாணியைப் பூசி வழித்துவிட்டு, வரும் ஆனிக்கான விதையோடு கூடையைப் பரணில் தூக்கி வைத்தாள்.