பூங்கொடியின் ஸ்டூலுக்குக் கிடைத்த சர்வதேச அங்கீகாரம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம்தான். சக்கரத்தையும் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் நாகரிகம் தன் உச்சியைத் தொட்டது ஓசூர் புறவழிச்சாலையோரக் கல்யாண மண்டபமொன்றில், 'சர்வதேச அறைகலன் மற்றும் வடிவமைப்புக் கண்காட்சி' நடந்த மூன்று நாட்களில்தான் என்பதை வரலாறு ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். 'சர்வதேச' என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். பாதி அரங்குக்காரர்கள் பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி நெரிசலைக் கடந்து வந்தவர்கள். அதைவிடப் பாரீஸ் போவது சுலபம்.

பூங்கொடி அங்கே ஒரு 'நேரடிச் செயல்விளக்கம்'. அலுவலக நாற்காலி செய்யும் ஆலையில் அசெம்ப்ளி லைனில் நிற்பவள், இங்கே கூட்டத்தின் முன் நின்றபடி நான்கே நிமிடத்தில் ஒரு நாற்காலியைப் பூட்டிக் காட்டுவாள். பிறகு கழற்றுவாள். மறுபடி பூட்டுவாள். தேனியிலிருந்து வேலைக்கு வந்து ஆறு வருடம். அவள் கைபட்ட நாற்காலிகள் லட்சத்தைத் தாண்டும். ஒன்றிலும் அவள் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் நாற்காலி 'பழையது' ஆகிவிடுமாம்.

பக்கத்தில் மேனேஜர் ஸ்ரீராம், மைக்கும் கையுமாக, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முழங்குவார்: "மனித உடல் இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து நிற்கப் படைக்கப்பட்டதல்ல!" பூங்கொடி அதைக் காலை ஒன்பதிலிருந்து நின்றுகொண்டே கேட்பாள்.

அவள் மனமெல்லாம் ஒரு ஸ்டூலில் இருந்தது. உதிரிப் பாகம் வராமல் லைன் நிற்கும் ஐந்து பத்து நிமிடத்துக்கு இடுப்பைச் சாய்க்க, பேக்கிங் கட்டையை ஆணியடித்து, கழித்துப்போட்ட ஃபோமை மேலே கட்டி அவளே செய்தது. அதைக் கண்டதும் ஸ்ரீராம் ஆலை வழக்கப்படி சிவப்பு அட்டை தொங்கவிட்டார். 'பொருள்: ஸ்டூல். பயன்: இல்லை. பரிந்துரை: ஸ்கிராப்.' அட்டை தொங்கிய ஏழாம் நாள் அந்தப் பொருள் உடைசலுக்குப் போகும், மேனேஜர் கையெழுத்திட்டு மீட்டாலொழிய. ஏழாம் நாள், திங்கட்கிழமை.

"சார், அந்தக் கையெழுத்து..."

"கண்காட்சி நல்லபடியா முடியட்டும்மா. பாத்துக்கலாம்."

கடைசி நாளான ஞாயிறு காலை அவர் அவளிடம் சிவப்பு அட்டைக் கட்டு ஒன்றைக் கொடுத்தார். "ஹாலைச் சுத்தமா வெச்சுக்கறது நம்ம கம்பெனி பொறுப்பு. உபயோகமில்லாத பொருள் எது கண்ல பட்டாலும் அட்டை போட்டுடு. யாருக்கும் பயப்படாத."

அவர் சொன்னது காலி டீ கப்பையும் கிழிந்த அட்டைப்பெட்டியையும். ஆனால் ஆறு வருடம் லைனில் நின்றவளுக்கு உத்தரவு என்றால் உத்தரவு.

மதிய இடைவேளையில் மற்ற அரங்குகளில் உட்கார இடம் தேடினாள். முதல் நாற்காலிக்கு இரண்டு கால்தான். பெயர் 'தயக்கம்'. அடுத்ததில் உட்காரும் இடத்தில் கூழாங்கல் பதித்திருந்தது. மூன்றாவது கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கியது. பூங்கொடி பேனாவை எடுத்தாள். மூன்று மணிக்குள் பதினோரு அட்டை.

நடுவர் குழுத் தலைவி ஸ்வாதி 'தயக்க'த்தின் முன் நின்று வாசித்தார்: "பொருள்: நாற்காலி. பயன்: உட்கார முடியவில்லை. பரிந்துரை: ஸ்கிராப்." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருபது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். இவ்வளவு கறாரான விமர்சனம் படிச்சதில்ல!"

செய்தி பரவியது. அட்டை தொங்கிய அரங்குகளில் கூட்டம் நெரிந்தது. அட்டை இல்லாதவர்கள் பதறினார்கள். சோபா விற்கும் வெங்கடப்பன் மூச்சிரைக்க ஓடி வந்து கன்னடமும் தமிழுமாய்க் கெஞ்சினார்.

"மேடம், நமக்கும் ஒந்து டேக் ஹாகி மேடம்! எல்லாருக்கும் போட்டீங்க, நான் என்ன பாவம் பண்ணேன்?"

"உங்க சோபால உக்கார முடியுதே சார்."

"அதான் மேடம் தப்பாப் போச்சு! வேணும்னா ஸ்பிரிங்கை வெளிய எடுத்து விட்டுடட்டுமா?"

மாலையில் மேடை. ஏழு பிரமுகர்களுக்கு ஏழு நாற்காலி. எட்டாவதாக அழைக்கப்பட்ட 'ஆண்டின் வடிவமைப்புச் சிந்தனையாளர்' பூங்கொடி நின்றுகொண்டாள்.

"இந்தச் சிந்தனை உங்களுக்கு எப்படி வந்தது?" என்றார் ஸ்வாதி.

"எனக்கு எங்கிட்டு மேடம் வந்துச்சு? என் ஸ்டூலுக்கு ஸ்ரீராம் சார் இப்படித்தான் போட்டாரு. நாளைக்கு அதை ஒடைக்கப் போறாங்க."

மண்டபமே ஸ்ரீராமைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் யாரும் சும்மா மேனேஜர் ஆகிவிடுவதில்லை. "உடைப்பதா? அது எங்கள் நிறுவனத்தின் பொக்கிஷம்!" என்று முழங்கி, அங்கேயே, எல்லார் முன்னாலும், ஸ்டூலை மீட்கும் தாளில் கையெழுத்திட்டார். கைதட்டல். பூங்கொடியும் தட்டினாள். அந்த மேடையில் மனசாரத் தட்டியது அவள் ஒருத்திதான்.

திங்கட்கிழமை லைனில் ஸ்டூல் இல்லை.

"எங்கடி வச்சிருக்காய்ங்க?" என்று பக்கத்தில் நிற்கும் கெலமங்கலத்து மாதம்மாளிடம் கேட்டாள்.

"முன்னால ரிசப்ஷன்ல இருக்குதுக்கா. நம்மளவிட நல்லா இருக்குது. போய்ப் பாரு."

கண்ணாடிப் பெட்டி. மேலே விளக்கு. கீழே 'தொடாதீர்கள்'. ஆலையில் ஆறு வருடத்தில் ஏசி அறைக்குப் பதவி உயர்வு பெற்ற ஒரே லைன் ஆள் அந்த ஸ்டூல்தான்.

"சார், உக்காரத்தான சார் கேட்டேன்?"

"பூங்கொடி, அது இப்ப டிசைன்மா. அதுல போய் உக்காருவியா?" என்றார் ஸ்ரீராம், மெய்யாகவே மனம் புண்பட்டு.

அவள் மிச்சமிருந்த கடைசி அட்டையை எடுத்து எழுதினாள். 'பொருள்: ஸ்டூல். பயன்: உட்கார முடியவில்லை.' கண்ணாடியில் ஒட்டினாள். ஸ்ரீராம் வாசித்தார், முகம் மலர்ந்தது. "அற்புதம்! இதையும் ஃப்ரேம் போடுங்கப்பா!"

பூங்கொடி லைனுக்குத் திரும்பி நின்றாள். எட்டு மணி நேரம்.

நிறுவனம் சொன்னது ஒன்று செய்தது ஒன்று என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். அது அபாண்டம். இருபது நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாதது மனித உடல் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். பூங்கொடிக்கு இருப்பதும் மனித உடல்தான் என்று அவர்கள் யாரிடமும், எங்கேயும், ஒருபோதும் சொன்னதில்லை.